தேவராஜ் போட்ட காவல் வரிகள்

1. முதல் வகுப்பு

"மேடம், டைப் எங்க எழுதணும்?"

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு நான் வகுப்பு ஆரம்பித்த அன்று எனக்கு வந்த முதல் கேள்வி இது. கேட்டவர் தேவராஜ். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். துறைமுகத்துக்கு வந்து போகும் கன்டெய்னர்களை வைத்திருக்கும் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. தேவராஜும் வகுப்புக்கு வந்த மற்ற இரண்டு பையன்களும் ஜாவா என்ற இன்னொரு மொழியில் ஊறியவர்கள். ஜாவாவில் ஒரு வேரியபிள் வேண்டுமென்றால் அது எண்ணா, எழுத்தா என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால், எழுதியதை ஓடுவதற்கு முன்பே சோதிக்கும் கம்பைலர் நகர விடாது. பைத்தானில் அந்தக் கெடுபிடி கிடையாது.

"எழுத வேணாம். அதுவே பாத்துக்கும்" என்றேன்.

"தப்பா வந்தா யாரு புடிப்பாங்கோ?"

"புரோகிராம் ஓடும்போது தெரிஞ்சிடும்."

"ஓடும்போதா? நல்லா கீது மேடம். எங்க வியாசர்பாடில ஒருத்தன் பிரேக் இல்லாத சைக்கிள வித்துகினு இருந்தான். அவனும் இதத்தான் சொன்னான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், எங்கள் முதலாளி இஸ்மாயில் பாய் காலையில்தான் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: "மூணு பேரையும் வச்சிக்க முடியாதும்மா. மாத்தூர் யார்டுல டிரையல் முடியட்டும். எவன் தேறலியோ அவன அனுப்பிடலாம்." தேவராஜ் நாற்பதைத் தாண்டியவர். அந்த வயதில் வெளியே போய் வேலை தேடுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

2. ஜாங்கோ

ஜாங்கோ என்பது பைத்தானில் வெப் அப்ளிகேஷன் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க். லாகின், ஃபார்ம், டேட்டாபேஸ் என்று பாதி வேலையை அதுவே முடித்து வைத்திருக்கும். மற்ற இருவரும் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். தேவராஜும் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் காவலுக்கு நிற்பது போல இரண்டு வரி உட்கார்ந்திருக்கும். உள்ளே வந்தது எந்த டைப் என்று பார், நான் நினைத்தது இல்லையென்றால் எரர் கொடுத்து நிறுத்து. கம்பைலர் பார்த்த உத்தியோகத்தை இவர் கையால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்கு? எடுத்துடுங்க" என்றேன்.

"இது இருந்தாதான் மேடம் எனக்குத் தூக்கம் வருது."

அப்புறமும் சொன்னேன். தலையை ஆட்டினார், எடுக்கவில்லை. டிரையல் நெருங்கிவிட்டதால் நானும் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை.

3. எடை மேடை

டிரையல் அன்று முதல் டிரெய்லர் மாத்தூர் யார்டின் எடை மேடையில் ஏறியது. கிளார்க் தேவராஜ் எழுதிய ஃபார்மில் எடையைத் தட்டினார். சிவப்பில் எரர் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி அதே எரர். பின்னால் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா நைனா, வண்டி கீது, பொட்டி கீது, மேல எடையும் காட்டுது. இன்னும் இன்னாத்த பாத்துகினு கீறே?"

தேவராஜ் வேர்த்துப்போய் லேப்டாப்பைத் திறந்தார். விஷயம் சின்னது. புள்ளி வைத்த எண்ணுக்குப் பைத்தானில் ஃப்ளோட், டெசிமல் என்று இரண்டு வகை. ஆபீஸில் அவர் கையால் கொடுத்துச் சோதித்ததெல்லாம் ஃப்ளோட். முந்தின நாள்தான் இணைத்த ஜாங்கோ ஃபார்ம் கொடுத்தது டெசிமல். எதை வைத்தாலும், மொத்த எடையில் வண்டியின் எடையைக் கழிக்கும் கணக்கு ஒழுங்காகவே வந்திருக்கும். அவர் போட்ட காவல் வரி மட்டும் ஃப்ளோட்டைத் தவிர வேறு எதையும் உள்ளே விடவில்லை.

கிளார்க் கைச்சீட்டு எழுதி வண்டிகளை அனுப்ப ஆரம்பித்தார். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேஜாரா பூட்ச்சிம்மா. சாய்ங்காலம் இவன் கணக்க முடிச்சிடு."

திரும்பி வந்தால் தேவராஜ் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்த டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கேட்டுல ஒரு தபா பாத்தாங்கோ. உள்ள போனப்புறம் கிரேன்காரன் கேக்கல, சூப்பர்வைசர் கேக்கல. நான்தான் சந்துக்கு சந்து ஆள நிக்க வச்சிருக்கேன்."

அங்கேயே உட்கார்ந்து உள்ளே இருந்த காவல் வரிகளை எல்லாம் அழித்தார். ஃபார்மில் மட்டும் சோதனையைக் கெட்டியாக வைத்தார். எடை காலியாக இருக்கக் கூடாது, ஒரு டிரெய்லர் சுமக்க முடியாத எடையாகவும் இருக்கக் கூடாது. மதியம் ஃபார்ம் மறுபடி ஓடியது. வண்டிகள் நகர்ந்தன. அவசரத்தில் கிளார்க் ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டினார். "எடையைச் சரிபார்க்கவும்" என்று ஃபார்ம் நிறுத்தியது.

நான் பாயைக் கூட்டி வந்து, அதே தப்பு எடையை மற்ற இருவரும் வெளியே போகும் கேட்டுக்கு எழுதிய ஸ்க்ரீனில் போட்டுக் காட்டினேன். ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு கேட் பாஸ் கொடுத்தது.

தேவராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டுவதைப் பார்த்ததும் பாய் குரல் கொடுத்தார்.

"எங்கப்பா கெளம்பிட்டே? பசங்க எழுதுனதயும் நீதான் பாக்கணும். உக்காரு."

யாரையும் அனுப்பவில்லை.

4. கற்றது

ஜாவாவிலிருந்து வருகிறவர்களிடம் "பயப்படாதீங்க" என்று மட்டும்தான் அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எடுத்த வகுப்புகளில் உள்ளே வருவதை ஃபார்மிலேயே சோதிக்கும் வேலிடேஷனையும் டெஸ்ட் எழுதுவதையும் முதலிலேயே வைத்தேன். சந்தேகப்படுகிற ஆளை மாற்றப் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள், போதும். இப்போது நான் ரிட்டையர் ஆகிக் காலடிப்பேட்டை வீட்டில் இருக்கிறேன். தேவராஜ் இன்னும் அதே ஆபீஸில்தான் இருக்கிறார். அவர் பார்க்காமல் அங்கிருந்து ஒரு ஸ்க்ரீனும் வெளியே போவதில்லை.