நெற்றியில் எட்டு வட்டங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தைய மாலை, என் மகளின் நெற்றியிலும் காதோரமும் சட்டைப் பொத்தான் அளவில் எட்டு வட்டங்களை ஒட்டி ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில், பேச்சுக்கான இடத்தை உரசிக்கொண்டு ஒரு கட்டி. மறுநாள் டாக்டர் அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகக் கருவியால் தொட்டதும், கம்ப்யூட்டர் ஸ்கேன் படத்தை அவள் தலையோடு பொருத்திக்கொள்ளும். அதன்பின் கருவி எந்த இடத்தில் நிற்கிறது என்று திரையிலேயே தெரியும். "ஒண்ணுகூட நகரக் கூடாதும்மா" என்று ஸ்கேன் எடுத்தவர் இரண்டு முறை சொன்னார். சிலமலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிற எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

விடிந்ததும் என் கணவர் போடியிலிருந்து வந்தார். ஏலக்காய்த் தோட்டத்தில் மேஸ்திரி. தோட்டத்து ஜீப்புகள் மலையேறும் முன் அடிவாரக் கோயிலில் நிற்கும். எல்லோரும் திருநீறு பூசிய பிறகுதான் கிளம்பும். அந்தத் திருநீற்றை ஜீப்பில் வரும் பெண்கள் மகளுக்காக மடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"வெரசா பூசிவிடு. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வந்துருவாங்க" என்றார்.

மூன்று விரலால் அவள் நெற்றியில் இழுத்தேன். ஒரு வட்டம் விரலோடு வந்துவிட்டது. பதறிப்போய்த் திரும்ப ஒட்டினேன். அதே இடம்தானா என்று தெரியவில்லை.

"போச்சு. இனி டாக்டரு மூக்கத்தான் தொறப்பாரு" என்று மகள் சிரித்தாள்.

"சும்மா இரு ஆத்தா, யாரும் பாக்கல" என்று அவளை அடக்கினார் அவர். சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்ற பயம். எனக்கும்தான். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையும்வரை பேசாமல் நின்றேன். கதவு மூடும்போதுதான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. "சரிபார்க்கும்போது பெரும்பாலும் தெரிஞ்சிரும். ஆனாலும் சொன்னீங்களே, நல்லது" என்றார். புதிதாக ஒட்டி மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள்.

"எங்கம்மாவ வெளிய நிறுத்துங்க சார்" என்றாள் மகள்.

அன்று மாலை அவள் கண் விழித்ததும் நர்ஸ் பேனாவைக் காட்டினார். "பேனா." அடுத்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கணவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். "வாச்சு" என்றாள். பிறகு நர்ஸ் என்னைக் காட்டினார்.

"அழுமூஞ்சி டீச்சரு."

இப்போது போடியில் காலேஜுக்குப் போகிறாள். பஸ்சில் நடந்த கதையெல்லாம் வந்து கொட்டுவாள். நடுவே ஒரு சொல்லுக்காக நின்றால் போதும், அந்தச் சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

"யோசிக்கிறேம்மா, செத்த பொறு" என்கிறாள்.

பொறுத்துத்தான் பார்க்கிறேன்.