அண்ணனுக்கு அப்பாவான கௌனாக்

கௌனாக் தரையில் அட்டையை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, சீல் தோலில் ஒட்டியிருந்த கொழுப்பைப் பிறைக்கத்தியால் வழித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பனிலூ தட்டாமலே உள்ளே வந்தான். ஆர்க்டிக் பனிக்கரை ஊரான இக்லூலிக்கில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

“டீ இருக்காப்பா?”

அவன் ஆறு வயது மூத்தவன். ஆனால் அவள் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வேட்டைக்குப் போன இடத்தில் கடல்பனி உடைந்து அவர்கள் அப்பா இறந்துபோயிருந்தார். அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பெயரோடு ஆளும் திரும்பிவிடுகிறார் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. பனிலூ தொட்டிலைப் பார்த்து “அப்பா” என்றான்; அம்மா “ஏங்க” என்றுதான் கூப்பிட்டாள். முடியை ஒட்ட வெட்டி, காற்சட்டை போட்டு ஆண்பிள்ளை போலவே வளர்த்தாள். கௌனாக் நாய்வண்டி ஓட்டினாள். தன் முதல் சீல் விலங்கையும் சுட்டாள். பெரியவளானதும் பெண்வேலைக்கு மாற்றிக் கையில் தையல் ஊசியைக் கொடுத்தார்கள். கல்யாணம், நான்கு பிள்ளைகள். போன இலையுதிர்காலத்தில் கணவன் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

“மாப்பிள்ளையோட வண்டியும் துப்பாக்கியும் சும்மா கெடக்கு. நான் வேட்டைக்கு எடுத்துக்கறேன். உங்களுக்குக் கறி வந்துடும்.”

“கறிக்கு யாருடா அழுதா? நானே போறேன்.”

“முப்பது வருஷமா துப்பாக்கியத் தொடாத ஆளு நீங்க!”

அவள் தோலைத் தூக்கி விரித்துக் காட்டினாள். “ஒரு ஓட்டையாவது தெரியுதா? தலையிலதான் பட்டுச்சு. யார் சுட்டான்னு நெனச்ச?”

பனிலூ தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கிட்டக்க இருந்திருக்கும்.”

“ஆமா, மடியில வச்சுத்தான் சுட்டேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “அது ஊருக்குப் பக்கத்துல. கடல்ல பனி முடியற விளிம்பு வேற மாதிரி. உங்கள ஒருதடவ அது கொண்டுபோனது போதாதா?” என்றான்.

கௌனாக் கத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பயத்தை அவன் முகத்தில் அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

“கொண்டுபோன எடம் எனக்குத் தெரியும்டா மகனே. அங்க கால் வைக்க மாட்டேன்.”

“ஊர் என்னத்தான் கேக்கும், கூடப்பொறந்தவன் இருந்துமான்னு.”

“அப்பாவத் தடுக்க மகனுக்கு ஏது வாயின்னு சொல்லு.”

கையைக் கழுவித் துடைத்தாள். காற்று நின்றுவிட்டதா என்று ஜன்னல் வழியே பார்த்தாள். நின்றிருந்தது. தோல் கோட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கியையும் ஈட்டியையும் எடுத்தாள்.

“அப்போ நானும் வரட்டுமாப்பா?”

அவள் ஈட்டியை அவன் கையில் கொடுத்து, கோட்டின் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போனாள்.