சுவரில் ஒரு கரிக்கோடு

யாங்கோனில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் பயிற்சியாளர். எல்லோருக்கும் நான் 'ஸயா', பர்மிய மொழியில் ஆசிரியர். அணிக்கு ஆள் எடுக்கும் நாளில், மைதானச் சுவரில் நான் போட்டிருக்கும் கரிக்கோட்டைத் தலை எட்டாதவர்களைப் பந்தைத் தொடவே விடமாட்டேன்.

அப்படி எடுத்த உயரமான பெண்கள் இருவர் பாதியிலேயே வெளிநாடு போய்விட்டார்கள். ஆனாலும் சென்ற ஆண்டு கோப்பையை வென்றோம். காரணம், நகரின் பசுந்தாங் பகுதியிலிருந்து வந்த செல்வி. "ஸயா கண்ணு தப்பாது" என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

கோப்பையோடு படம் எடுக்க அவள் அதே சுவரோரம் நின்றபோதுதான் கவனித்தேன். கோடு அவள் தலைக்கு நான்கு விரல் மேலே இருந்தது.

"அன்னைக்கு எப்படிம்மா எட்டுச்சு?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு இங்க மழைத்தண்ணி கெடந்துச்சு ஸயா. ஷூ நனையும்னு நீங்கதான் செங்கல் மேல ஏறி நிக்கச் சொன்னீங்க."

எனக்கு நினைவே இல்லை.

இந்த ஆண்டு கோட்டை அழித்துவிட்டேன். வருகிற எல்லோரையும் ஆடவிட்டுப் பார்க்கிறேன். ஆனால் மழை பெய்யாத நாட்களில் வந்து திரும்பிப் போனவர்கள் எப்படி ஆடியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுவைத்ததில்லை.