ஏகப்பனின் பசுமை ஈயம்

விருந்தாளி வரும் நாட்களில் வண்டியிலிருந்து வாடகைச் செடிகளை இறக்கும்போது ஏகப்பன் பக்கத்திலேயே நிற்பார். உலைக்கூடத்து வாசலெங்கும் தொட்டிகளை நெருக்கி அடுக்க வேண்டும். "கரிச்சுவரு வெளிய தெரியப்படாது, பாத்துக்கிடுங்க" என்று மொழிபெயர்ப்பாளர் பொலேத்திடம் சொல்லிவிட்டு, இலைகளைக் கைக்குட்டையால் துடைப்பார்.

சைகோனின் புறநகரில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை அது. தேவகோட்டைக்காரரான ஏகப்பன் அங்கே சுற்றுச்சூழல் ஆலோசகர். அவர் ஆலோசனை என்றும் ஒன்றுதான்: விருந்தாளி வந்தால் புகைவடிப்பானின் விசிறியைப் போடு, போனதும் நிறுத்து. "கரண்ட மிச்சம் பண்றதும் சுற்றுச்சூழல்தானுங்களே" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் வந்து பொலேத் பார்த்ததில்லை.

பொலேத்தின் அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியர். ஏகப்பன் தனக்கு வராத பிரெஞ்சுக்காக அவளை வேலைக்கு வைத்திருந்தார். அவருடைய பொய்களை இலக்கணம் பிசகாமல் பெயர்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. அதில் தன்மீதும் அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பு உண்டு.

அன்று ஈயம் வாங்க பெல்ஜியத்திலிருந்து வந்த மார்கரித், செடிகளைத் தாண்டி நேராக உலையருகே போனாள். அங்கே நின்ற தூங் என்ற தொழிலாளியைக் காட்டி, விசிறி எப்போதும் ஓடுமா என்று கேட்கச் சொன்னாள். பொலேத் வியட்நாமியத்தில் கேட்டாள்.

"விருந்தாளி வந்தா ஓடும்" என்றான் தூங், சாதாரணமாக.

ஏகப்பன் சிரிப்பு மாறாமல் பொலேத்திடம் தமிழில் சொன்னார்: "ராப்பகலா ஓடுதுன்னு சொல்லிருங்க."

தூங்கின் வீடு, ஈயப்புகை வந்து படியும் கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அவன் மகளின் வெளிறிய உதடுகள் பொலேத்தின் கண்முன் வந்தன. அவன் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். மார்கரித் பையை மூடிக்கொண்டு, ஒப்பந்தம் பேசாமலே கிளம்பிவிட்டாள்.

"ஒத்த வார்த்தைய மாத்திச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கிருமா? நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் ஏகப்பன்.

"கூப்பிட்டாலும் வரமாட்டேன், மிசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னாள்.

திரும்பும்போது அவளும் ஏகப்பனின் காரில்தான் ஏறினாள். கார் கிளம்புமுன் தூங்கின் மனைவி ஓடிவந்து, பின்சுவரோரம் தான் வளர்த்த கீரையில் ஒரு கட்டு எடுத்து ஏகப்பனிடம் நீட்டினாள். அவர் இரு கைகளாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொன்னார். வாசலைத் தாண்டியதும் கீரையை ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் போட்டார். "பிள்ளைகளுக்கு ஆக்கிக் குடு" என்று வியட்நாமியத்தில் சொல்லிவிட்டு, பாட்டில் தண்ணீரைத் திறந்து தன் கைகளை விரல் விரலாகக் கழுவத் தொடங்கினார்.