நூல் பிடித்துப் பார்த்ததாக எழுதினேன்

என் கணவருக்கு பியானோவுக்குச் சுதி சேர்க்கிற வேலை. 1993-ல் எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது, கண்டாச்சிபுரத்துச் சொந்தக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க என் அப்பா படாத பாடு பட்டார். "ஆர்மோனியம் மாதிரிதான், கொஞ்சம் பெருசு" என்று சொல்லிப் பார்த்தார். "அதை வச்சிக்கினு விழுப்புரத்துல எப்படிப் பொழைக்கிறது?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். சென்னையில் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றில் வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தார் என் கணவர். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி என்று பஸ்ஸில் போய் தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்த பழைய பியானோக்களைப் பார்த்துக்கொண்டார். அது இல்லாத நாளில் ஆர்மோனியமோ கீபோர்டோ எது வந்தாலும் பிரித்து மாட்டுவார். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேருமாக எப்படியோ பொழைத்தோம்.

அவர் பேச்சு குறைச்சல். வாயைத் திறந்தால் பியானோதான். கம்பி விறைப்பாக இருப்பதால் மேல் ஸ்தாயியைக் கணக்குக்குக் கொஞ்சம் மேலேயே ஏற்றி வைத்தால்தான் காதுக்குச் சரியாகப் படும் என்பார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே "ம்" கொட்டுவேன். எனக்குச் சுதி ஞானம் கிடையாது. நான் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஊரில் அவருக்கு வேறு யாரிடம் போய் இதையெல்லாம் பேச முடியும்?

அதனால்தான் 2003 வாக்கில், ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தபோது, அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். உலகம் முழுக்க இருக்கிற பியானோ வேலைக்காரர்கள் கூடிச் சண்டை போடுகிற இடம் அது. கம்பிகளுக்குப் பின்னால் மெல்லிய மரப்பலகை ஒன்று இருக்கும், சவுண்ட் போர்டு என்பார்கள். அந்தப் பலகை சத்தத்தைப் பெருக்குகிறதா, கம்பியின் ஆட்டத்தைக் காற்றுக்குக் கைமாற்றி மட்டும் விடுகிறதா என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்க்ரீனில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். திடீரென்று சிரித்துவிட்டார்.

"இவங்களுக்கும் இதே பேஜாருதானா!"

அந்தச் சிரிப்பைக் கல்யாணமானதிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போவது வழக்கமானது. அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினோம். அவர் தமிழில் சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். சில மாதங்களிலேயே அங்கே அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. அவர் எழுத்து நறுக்கென்று இருக்கிறது என்று யாரோ பாராட்டினார்கள். அதை அவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "அது நீதானே டீச்சர்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கர்வம் ஏறிவிட்டது.

அவர் எதையுமே அடித்துச் சொல்லுகிறவர் இல்லை. "இருக்கும்னு தோணுது", "அப்படித்தான் போல" என்றுதான் முடிப்பார். அப்படியே எழுதினால் படிப்பதற்குச் சப்பென்று இருந்தது. பிள்ளைகளின் கட்டுரையில் வேண்டாத வார்த்தையை அடிக்கிற மாதிரி, அவருடைய சந்தேகங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு எழுதினேன். எழுதி முடித்ததை அவர் படித்துப் பார்க்க மாட்டார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துவிடுவார்.

கனடாவில் ஒரு பெரியவர் இருந்தார். எங்களை மாதிரியே சின்ன ஊர்க்காரர். சவுண்ட் போர்டு தட்டையாக இருக்கக் கூடாது, கம்பிகளின் பக்கமாக லேசாகப் புடைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் கணவர் அந்தப் புடைப்பைத் தொப்பை என்பார். தொப்பை அமுங்கித் தட்டையாகிவிட்ட பலகை செத்த பலகை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பெரியவர் எழுதியிருந்தார். என் கணவர் யோசித்தார்.

"திண்டிவனத்துல வேதக்கோயில்ல ஒரு பியானோ இருக்கே, சுவரோட ஒட்டிப் போட்டது. டார்ச் அடிச்சிப் பாத்தேன். தட்டையாத்தான் இருக்கு போல. ஆனா நல்லாத்தான் பாடுது."

அதை நான் எழுதினேன். பெரியவர் மரியாதையாகக் கேட்டார்: எப்படி அளந்தீர்கள்? அந்த வாரம் என் கணவர் புதுச்சேரியில் ஒரு வேலையாக இருந்தார். நான் மட்டும் சென்டருக்குப் போயிருந்தேன். எப்படி அளப்பார்கள் என்று அந்தத் தளத்திலேயே வேறு யாரோ எழுதியிருந்தார்கள். பலகையின் பின்பக்கம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூலை இழுத்துப் பிடித்தால், தொப்பை இருக்கிற பலகையில் நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் இடைவெளி தெரியும். தட்டை என்றால் நூல் ஒட்டிக்கொள்ளும். நான் தட்டினேன்: தையல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், ஒரு மயிரிழை கூட இடைவெளி இல்லை.

பொய் சொல்லுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. அவர் பார்த்ததைத்தானே கொஞ்சம் பளிச்சென்று சொல்லுகிறோம் என்றுதான் இருந்தது. பெரியவர் பதில் போட்டார். வாழ்க்கை முழுக்க நம்பியதை இந்த நூல் அசைத்துவிட்டது என்று எழுதியிருந்தார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தொப்பைப் பேச்சு வந்தாலே யாராவது 'திண்டிவனத்துப் பியானோ' என்று இழுத்தார்கள். அங்கே எல்லோரும் நம்மை ஒப்புக்கொண்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். நூலைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் ஜங்ஷனில் நின்று எனக்கு வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கித் தந்தார்.

அடுத்த வருஷம் பெரியவரிடமிருந்து தனியாக ஒரு மெயில் வந்தது. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பியானோவில் பலகை தொப்பை அமுங்கித் தட்டையாகக் கிடந்ததாம். முன்னே என்றால் மாற்றச் சொல்லியிருப்பாராம். எங்கள் நூலை நம்பி, பலகையை அப்படியே விட்டுவிட்டு, கம்பி மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பள்ளி விழா அன்று அது கட்டையைத் தட்டுகிற மாதிரி ஒலித்திருக்கிறது. பள்ளிக்காரர்கள் வருத்தப்பட்டு, வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மெயிலில் கோபமே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். ஈரக்காற்றில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். நீங்கள் நூல் பிடித்தது வெயில் காலத்திலா, மழைக் காலத்திலா?

ஏதோ ஒரு மாதத்தைத் தட்டிவிட்டால் முடிந்தது. விரல் கீபோர்டில்தான் இருந்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் கூடத்தில் ஒரு ஆர்மோனியத்தின் துருத்தியை ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"நூல் புடிச்சேன்னு நான் சொன்னேனா?"

"இல்லைங்க."

"தட்டையா இருக்கு போலன்னுதானே சொன்னேன்."

"ஆமாங்க."

பசை காய்ந்துவிடும் என்று ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினோம். ஆராதனை முடிந்து கூட்டம் கலையும் வரைக்கும் வாசலில் காத்திருந்தோம். பியானோவை நகர்த்த வேண்டும் என்று சொன்னதும் கோயில் பணியாளருக்கு ஆச்சரியம். "இத்தனை வருஷமா வர்றீங்க, ஒரு நாளும் நகத்தச் சொன்னதில்லையே" என்றார். என் கணவர் என்னைப் பார்க்காமல், "இப்பதான் தேவைப்படுது" என்றார். நாலைந்து பேராகச் சேர்ந்து தள்ளினார்கள். பின்னால் ஒட்டடையும், யாரோ எப்போதோ தவறவிட்ட ஒரு மூக்குக்கண்ணாடியும் இருந்தன. அவர் துடைத்து இடம் பண்ணினார். நூலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் இழுத்துப் பிடித்தார்.

நூல் மரத்தில் ஒட்டவில்லை. நடுவில் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, நாலாக மடித்து, அதில் செருகினார். தாராளமாக நுழைந்தது. வேறு இரண்டு இடத்திலும் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். தொப்பை நன்றாகவே இருந்தது. அதனால்தான் அது பாடியது. பெரியவர் சொன்னதுதான் சரி.

"டார்ச் வெளிச்சத்துல தெரியல" என்றார், தனக்குத்தானே.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சொன்னார்: "நான் தப்பா சொல்லிட்டேன்னு எழுதிடு."

"தப்பு பண்ணது நான். நான்னுதான் எழுதுவேன்."

"உன்னை அங்க யாருக்குத் தெரியும்? பொண்டாட்டி மேல பழியைப் போட்டுட்டு ஒதுங்கிக்கினான்னுதான் சொல்லுவாங்க. என் பேர்லதானே இருக்குது. நான் தப்பு பண்ணிட்டேன்னு எழுது."

நான் இன்னும் வாதாடியிருக்க வேண்டும். முன்பக்க சீட்டின் கம்பியைப் பிடித்தபடி சும்மா இருந்துவிட்டேன். உள்ளே ஒரு மூலையில், தப்பித்தோம் என்றுகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் சொன்னபடியே எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். நூல் பிடிக்கவே இல்லை, இப்போதுதான் பிடித்தோம், இடைவெளி இருக்கிறது. பதில்கள் வரிசையாக வந்தன. சிலர் பெருந்தன்மையாக இருந்தார்கள். சிலர் அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்து, இதுவும் கட்டுக்கதையா, அதுவும் கட்டுக்கதையா என்று கேட்டார்கள். மேல் ஸ்தாயியைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அவர் ஸ்க்ரீனில் விரல் வைத்து எல்லாவற்றையும் படித்தார். எதையும் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, அவருக்குத் தெரியாமல் பெரியவருக்கு என் பெயரில் எழுதினேன். யார் தட்டினது, யார் என்ன சொன்னது, எல்லாம். பதில் வந்தது. அந்தப் பள்ளி தன்னை மறுபடி கூப்பிடவில்லை என்று சொல்லியிருந்தார். தன் காதில் விழுந்ததை விட்டுவிட்டு ஒரு வரியை நம்பியது தன் பிழை என்றும் எழுதியிருந்தார். உங்கள் கணவர் மறுபடி எழுதினால் படிப்பேன் என்று முடித்திருந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினேன்.

"கோவமா இருக்காரா?"

"இல்லைங்க."

"இருக்கலாம். தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் மறுபடி எழுதவில்லை. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, பிறகு போன் வந்தது; அந்தச் சண்டையும் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. பலகை பெருக்குகிறதா, கைமாற்றுகிறதா என்று புதிது புதிதாக ஆட்கள் வந்து அடித்துக்கொண்டார்கள். எப்போதாவது யாராவது திண்டிவனத்து நூலை எடுத்துக்கொண்டு வருவார்கள், திருத்தத்தைப் படிக்காமலே. நான் என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி வைத்திருந்தேன். அப்படி வரும்போதெல்லாம், அந்த வரி பொய், எழுதினது நான், அவர் அப்படிச் சொல்லவில்லை என்று போடுவேன். பெரும்பாலும் யாரும் பதில் சொல்வதில்லை.

அவர் கேட்பார் என்று சாயங்காலங்களில் சிலவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். காபியைக் குடித்துக்கொண்டே கேட்பார். போன மழைக்கு முன்னால் ஒரு நாள், மேல் ஸ்தாயி கம்பிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளு சொல்றது தப்பு. கம்பி குட்டையா இருந்தா இன்னும் மேல ஏத்தணும். அதை விட்டுட்டாரு" என்றார். குரலில் பழைய வேகம் இருந்தது.

"எழுதட்டுமாங்க? நீங்க சொல்றதை அப்படியே போடறேன்."

டம்ளரை மறுபடி கையில் எடுத்தார்.

"வேணாம். நீ படி, நான் கேக்கறேன்."

நான் அடுத்ததைப் படித்தேன்.