நண்டுக் குஞ்சின் கண்கள்

பழவேற்காடு பஜாரில் இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் நான் டெக்னீஷியன். காட்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். லேப் மைக்ராஸ்கோப் பழையது. அதன் திருகு அவ்வப்போது சிக்கிக்கொள்ளும். அதில் நான் பார்த்ததெல்லாம் பல வருடங்களாக ரத்தமும் சிறுநீரும்தான்.

பள்ளியில் எனக்கு நன்றாக வரைய வரும். ரெக்கார்டு நோட்டில் நான் போட்ட ஹைட்ராவை டீச்சர் பக்கத்து வகுப்புக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டினார். வரைவதையே படிப்பாகப் படிக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வேலைக்கு வந்த பிறகு பென்சிலைத் தொட்டதே இல்லை.

போன வருடம் மழை முடிந்த சமயம், காய்ச்சலோடு ஒரு அக்கா வந்தார். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டே வேலை செய்வார். அவர் விரலில் ஊசி குத்த இடம் தேட வேண்டியிருந்தது. அத்தனை வெட்டுக்காயத் தழும்பு.

நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“இன்னாமா அப்டி உத்து உத்துப் பாக்குற? என் ரத்தத்துல இன்னா கீது?”

“நீங்களே பாருங்கக்கா” என்று நகர்ந்து இடம் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூட அவருக்கு வரவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பொட்டுப் பொட்டா கீதே. இத்தினியும் எனுதா?”

“உங்களுதுதான்.”

சிரித்துவிட்டுப் போனார். காய்ச்சல் விட்டு மறுபரிசோதனைக்கு வந்தபோது கையில் ஒரு பாட்டில். முகத்துவாரத்துப் பக்கம் மொண்ட தண்ணீர்.

“நாள் பூரா இதுலதான் கெடக்குறேன். இதுக்குள்ள இன்னா கீதுன்னு உன் மிஷின்ல பாத்துச் சொல்லு” என்றார். அதைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மண் துகளும் பச்சை நூல் போன்ற பாசியும்தான். அவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய மெல்லிய புடவைத் துண்டில் பாதித் தண்ணீரை வடித்து, துணியில் தங்கியதை அதே தண்ணீரில் அலசி ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். கண்ணுக்கு முன்னால் ஏதோ துள்ளி ஓடியது. துரத்திப் பிடித்தேன். தலையில் நீண்ட முள், மடிந்து விரியும் வால், உடம்புக்குப் பொருந்தாத இரண்டு பெரிய கருங்கண்கள். போனை லென்ஸில் வைத்துப் படம் எடுத்து, மீன்வளம் படித்த என் தோழிக்கு அனுப்பினேன். “நண்டுக் குஞ்சுடி! பிறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும்” என்று பதில் வந்தது. ஆனால் அதில் நண்டின் சாயலே இல்லை.

மறுநாள் காலை லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு அண்ணன் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்திருந்தார். ஃபைபர் படகுகளுக்குப் பெயர் எழுதிப் படம் போடும் பெயிண்டர். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெருமையோடு என் படத்தைக் காட்டினேன்.

“இன்னா சிஸ்டர், கண்ணாடில ஒட்டின தூசியா?”

முகம் சுருங்கிவிட்டது எனக்கு. “நண்டுக் குஞ்சுண்ணா.”

அவர் போனை வாங்கி, தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையே. வெள்ளை மேல வெள்ளை அடிச்ச மாரி கீது. பின்னாடி கருப்பு குடுங்க.”

“அது எப்டிண்ணா? கீழ இருந்துதான் லைட்டு வருது. அதை மறைச்சா ஒண்ணுமே தெரியாது.”

அவர் வாசலைக் காட்டினார். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே வெயில் சாய்ந்து விழ, தூசி மின்னிக்கொண்டிருந்தது. “அந்தத் தூசி எப்பவும் இங்கதான் கீது. சைடுல வெயில் பட்டாத்தான் தெரியுது. லைட்டை நேரா கண்ணுல உடாதீங்க சிஸ்டர். ஓரமா உடுங்க.”

அவர் போனதும் கருப்புச் சார்ட் பேப்பரில் வட்டம் வெட்டி, மைக்ராஸ்கோப்பின் அடியில், விளக்கின் நடுப்பகுதியை மறைக்கும்படி வைத்தேன். முதல் வட்டம் சிறியது. அடுத்தது எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டது. மூன்றாவது சரியாக அமைந்தது. பாட்டிலில் இன்னும் சில குஞ்சுகள் உயிரோடு இருந்தன. கன்னங்கரிய பின்னணியில் அவற்றில் ஒன்று ஒளிர்ந்தது. கண்ணாடியில் செய்ததுபோல உடம்பு, ஓரங்களில் வெள்ளிக் கோடு, வாலில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள், உள்ளே படபடவென்று துடிக்கும் இதயம். உடனே போனில் படம் எடுத்தேன். இந்த முறைக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் உண்டு. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்விக்கு நான் எழுதிய பதில்தான் அது. எழுதினேனே தவிர, ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

ரிப்போர்ட் வாங்க வந்தபோது அந்தப் படத்தைப் பெயிண்டர் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்துக் குப்பத்துக்கு வரச் சொன்னார். ஒரு படகின் முன்பக்கத்தில் கருநீலத்தின் மேல் நண்டுக் குஞ்சு! முள்ளைக் குட்டையாகப் போட்டிருந்தார்.

“முள்ளு இன்னும் நீளம்ணா. உடம்பு அளவுக்கு இருக்கணும்.”

“அழகுக்குக் கொஞ்சம் கொறச்சேன்.”

“நெஜத்துல நீளமா இருக்கறதுதாண்ணா அழகு.”

 அவர் பிரஷை என்னிடமே நீட்டினார். பள்ளிக்குப் பிறகு நான் போட்ட முதல் கோடு அதுதான். பழக்கம் விட்டுப்போனதில் முள் லேசாக வளைந்துவிட்டது. “வளைஞ்சிருந்தாத்தான் நீந்துற மாரி கீது” என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

அக்கா அதற்குப் பிறகுதான் வந்தார். படத்தைக் காட்டினேன். “கூடை கூடையாப் பிடிச்சிருக்கேன், இது மூஞ்சிய ஒருநாளும் பாத்ததில்ல” என்றவர், அடுத்த வாரமே வயிற்றில் கரும்பழுப்பாக முட்டைகள் அப்பியிருந்த ஒரு சினை நண்டோடு வந்து நின்றார். கால்களைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார். நாலைந்து முட்டைகளை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கருங்கண்கள்.

அக்கா தலையை எடுக்கவே இல்லை. “எல்லாம் என்னியே பாக்குதுமா” என்றார் மெதுவாக.

பிறகு நண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எழுந்தார். “இத்த எங்கருந்து எடுத்தேனோ அங்கயே உட்டுட்டு வரேன். இன்னிக்கு மட்டும்தான். நாளைக்கு வழக்கம்போலத்தான்.”

சொன்னபடியே மறுநாள் பிடித்தார், விற்றார். நான் குறை சொல்லவில்லை. அது அவர் பிழைப்பு. ஆனால் வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் இப்போது தவறாமல் வருகிறது. மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு நான் படம் எடுக்கிறேன், சிலதை வரையவும் செய்கிறேன். என் கண்ணைத் திறந்துவிட்டவர்கள் இந்த இரண்டு பேரும். ஒருவர் கேள்வியோடு வந்தார், இன்னொருவர் கருப்பு கொடுக்கச் சொன்னார். அவர்களிடம் நன்றி என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா, “போம்மா, வேலையப் பாரு” என்று சிரித்தார். அண்ணனோ, அடுத்த படகுக்கு என்ன படம் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.