வறட்டு அறுப்பு

என் அக்காவின் வீட்டுக்காரரைத் தொழிலில் இருப்பவர்கள் 'ஜப்பான்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நாட்டை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அங்கிருந்து வரும் மலைக்கல்லோடுதான் அவருக்குச் சம்பந்தம். சாம்பல் நிறத்தில் சோப்புக்கட்டி போல இருக்கும் கல். சும்மா கிடந்தால் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும் என்று தோன்றும். ஆனால் சவரக்கத்திக்குக் கடைசிக் கூர் ஏற்ற அதை மிஞ்ச ஒன்று கிடையாது என்பது மாமாவின் கட்சி.

நான் முடிதிருத்துகிறவன். மடக்குக்கத்தியால்தான் சவரம் செய்யவேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்காக ஆறு கத்தி வைத்திருக்கிறேன். ஆறுக்கும் கூர் போட்டது மாமாதான். கல்லின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு குட்டிக்கல்லால் தேய்த்துப் பால் போலச் சேறு எடுப்பார். கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படியும்படி வைத்து, வாய் முன்னே போக ஒரு தள்ளு. முதுகின் மேலேயே புரட்டி மறுபக்கம் ஒரு தள்ளு. அழுத்தவே மாட்டார். அப்படிக் கூர் போட்ட கத்தி தாடையில் ஓடினால், ஓடியது தெரியாமல் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டவர்கள் உண்டு.

பேரிங் கம்பெனியில் கிரைண்டிங் பிரிவில் இருந்தவர் மாமா. நாற்பத்தொன்றாவது வயதில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பிடித்த வேலை இது. கரடுமுரடான கல்லாக வரவழைத்து, பலகை பலகையாக அறுத்து, மட்டம் செய்து விற்பார். அதோடு வெளியூர்களிலிருந்து கூரியரில் வரும் கத்திகளுக்குக் கூர் போட்டு அனுப்புவார். முன்னறையில் ஜன்னலோரம் அவர் மேசை. பின்னறையில் அறுக்கிற மெஷின். அதில் நிற்பது அக்கா.

அக்காவுக்குக் கண் அளவு பிசகாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் அடுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். "கம்பெனியில பேரிங்கைத் தேய்ச்சாரு, இங்க கல்லைத் தேய்க்கிறாரு. என்னைக் கொஞ்சம் பாத்துத் தேய்ங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பாள். மாமா சிரிக்கமாட்டார். காது மட்டும் சிவக்கும்.

மெஷின் சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்ட ஒரு குழாய் இருந்தது. இரண்டாம் வருஷம் ஒரு பெரிய கல் அறுக்கும்போதே இரண்டாகப் பிளந்துபோயிற்று. அந்தக் கல் வந்துசேரவே மாமா பல மாதம் காத்திருந்தவர். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுக்குக்குள் தண்ணீர் இறங்கித்தான் பிளந்தது என்று முடிவு கட்டி, குழாயைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். "இனிமே வறட்டா அறுத்துப் பாரு" என்றார். அக்கா முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அறுத்தாள். துணி காயப்போடும் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்ததால் ஜன்னலையும் சாத்தினார்கள். அக்கா வெளியே வந்தால் இமையெல்லாம் வெள்ளை. "பாருடா, இமைகூட நரைச்சிருச்சு. உன் கடையில டை அடிப்பியா?" என்பாள் என்னிடம்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. பிறகு இருமல் வந்தது. படியேறினால் பாதியில் நின்றாள். எடை குறைந்தது. மாமாதான் மார்பு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல என்ன தொழில்?" என்று கேட்டார்.

"கல் அறுக்கிறோம் சார். சாணைக்கல்."

"தண்ணி விட்டு அறுப்பீங்களா, வறட்டா அறுப்பீங்களா?"

"தண்ணி விட்டுத்தான் சார்" என்றார் மாமா.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து இருமினாள். பின்னறைக்குள் நான் போனதே இல்லை; குழாயைக் கழற்றியதும் எனக்குத் தெரியாது. இமையில் படியும் வெள்ளை கல் வேலையில் சகஜம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் படத்தைப் பார்த்தால் காசநோய் போலத்தான் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீரைக்கூடச் சிவப்பாக்கும் மாத்திரை. அக்கா ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். கொஞ்சம் தெம்பு வந்தாற்போல் தோன்றிய நாட்களில் எழுந்துபோய் மெஷினில் நின்றாள். எட்டு மாதம். இருமல் விடவில்லை.

ஒரு மத்தியானம் கத்திகளைக் கொடுக்கப் போனேன். மாமா கூரியர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். உள்ளே மெஷின் சத்தம். கதவைத் தள்ளினால் புகை போட்டதுபோல் இருந்தது அறை. அதன் நடுவே அக்கா. சுவரில் விரல் வைத்தேன்; மாவில் வைத்ததுபோல் பதிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

மாமா வந்ததும் கேட்டேன், "தண்ணி எங்க மாமா?"

அவர் பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? அவ ஒரு கல்லுக்குக்கூடப் பெறமாட்டாளா மாமா உங்களுக்கு?"

கை ஓங்கிவிட்டேன். அக்காதான் நடுவில் வந்தாள். மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: "அவரை விடுடா. எனக்கும் வாய் இருந்துச்சுல்ல. நானுந்தானே சொல்லல."

"ஏங்க்கா சொல்லல?"

"பொய் சொல்றாருன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிடா சொல்றது?"

மறுநாள் காலையில் மாமா தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், தான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்று பின்னால் என்னிடம் சொன்னார். "கல்தூள் நுரையீரல்ல போய்ப் படிஞ்சிருக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அந்த ரூமை விட்டு வெளிய கொண்டு வந்திருப்போம். போனது இனிமே திரும்பாது" என்றாராம், வேறு யாருடைய காகிதத்திலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

மீதிக் கற்களை மாமாவே அறுத்தார். குழாயை மாட்டி, தண்ணீர் விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து. பதினேழு கல். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. பிளந்த அந்தக் கல்லின் துண்டுகளை எடுத்துப் பார்த்தார்; அதில் முன்பே கீறல் இருந்திருக்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. இதை அக்காவிடம் சொன்னது அவரேதான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. மெஷினை அவர் யாருக்கும் விற்கவில்லை. பிரித்துக் காயலான் கடைக்குப் போட்டார்.

அதன் பிறகு அக்கா ஒன்றரை வருஷம் இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினாள். கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். மாமாவுக்குக் கத்தி வேலை மட்டும் மிஞ்சியது. அதை விட்டால் அடுப்பு எரியாது. முன்னறையில் அவர் கூர் போடும் சத்தம் அவளுக்குக் கேட்கும். கூர் சரியாக ஏறிவிட்டால் கல்லில் கத்தி போகும் சத்தம் அடங்கிப்போகும்.

"ஏங்க, கத்தி இன்னும் கத்துது" என்பாள் உள்ளே இருந்து.

மாமா மறுபேச்சுப் பேசாமல் இன்னும் இருபது தள்ளு தள்ளுவார். கடைசியில் அவளுக்கு வாய்விட்டுச் சொல்ல மூச்சு போதவில்லை. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவாள். அதற்கும் அவர் திரும்பத் தேய்ப்பார். நான் போயிருந்த ஒரு நாள், கத்தி தயாராகிவிட்ட பின்னும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அவரும் தேய்த்துக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றே செய்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மாமா அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. என் ஆறு கத்தியும் மழுங்கின. வேறு ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். சவரத்துக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கடையில் உடன் வேலை செய்பவரிடம் மாமாவுக்குக் கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் கூர் போட்டு வந்தன. கூட ஒரு சீட்டுக்கூட இல்லை.

பிறகு அவரே போன் செய்தார். "மச்சான், அந்த ஆக்சிஜன் மெஷின் சும்மா கெடக்கு. மூணாவது தெருவுல ஒருத்தருக்கு வேணுமாம். தூக்க ஒரு கை வேணும்."

போனேன். ஆள் பாதியாகியிருந்தார். தாடி நெஞ்சுவரை. ஊருக்கே சவரக்கத்தி தீட்டுகிறவர்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க டாக்டர்கிட்ட?" என்று கேட்டேன். இத்தனை நாள் தொண்டையில் நின்ற கேள்வி.

"என்னைப் பாத்துக் கேட்டாரு. அவளைப் பாத்துக் கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா." மெஷினின் ஒயரைச் சுற்றினார். "இல்ல. அது சாக்கு. எனக்கு வெக்கமா இருந்துச்சு மச்சான். கல்லு ஒடையக் கூடாதுன்னு பொண்டாட்டியைத் தூசியில நிக்க வச்சிருக்கேன்னு வாயால எப்படிச் சொல்றது? அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கனம். தெருமுனையில் ஒரு தடவை இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொண்டோம். மூன்றாவது தெரு வீட்டில் ஒரு மாவு மில்காரர் தலையணைகளில் சாய்ந்திருந்தார். அவர் மனைவிக்கு எந்தப் பொத்தான், எந்த அளவு, எப்போது வடிகட்டியைக் கழுவவேண்டும் என்று மாமா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தடவை சொன்னார்.

திரும்பும் வழியில், "கத்தி எல்லாம் எப்படி ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுது."

"நாளைக்குக் கொண்டு வா. கல்லுல தொட்டுத் தரேன்."

சரி என்றேன். மறுநாள் போகவில்லை. அடுத்த வாரம் போனேன்.